முள்ளில்லாத தூண்டில்

ஆற்றுச் சேற்றின் வாடையை நாற்றம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லிவிட முடியாது. பர்மாவில் நாங்கள் இருந்த க்யிம்யிண்டைங் ஆற்றங்கரையில் நீர் வற்றிச் சேறு வெளியே தெரியத் தொடங்கியதும், படகுகளின் டீசல் புகையும், ஊறிப்போன மரக்கட்டைகளின் மணமும், கரைக்கடைகளில் குவித்து வைத்திருக்கும் "ஙாபி" என்னும் மீன்விழுதின் நெடியும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் ஏறும். புதிதாய் வருகிறவர்கள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொள்வார்கள், என் அப்பாவோ அதை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு, "தண்ணி திரும்பப் போவுது" என்று கடல் ஓதம் ஏறப்போவதைச் சொல்வார். இன்றும் பேருந்து ஆற்றோரமாய்த் திரும்பி அந்த வாடை ஜன்னல் வழியே உள்ளே வரும்போது, எனக்குப் பத்து வயதாகிவிடுகிறது.

அப்பாவுக்கு அலோன் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் "வின்ச்" இயந்திரத்தை ஓட்டுகிறவர். வாரத்தில் ஆறு நாள் ஆற்றைப் பார்த்தபடியே நிற்கிற மனிதர், ஏழாவது நாளாவது ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாமா? ஞாயிறு விடிந்ததும் தூண்டில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். "ஆறு நாளு சம்பளத்துக்குப் போறாரு, ஏழாவது நாளு சும்மாவே போறாரு" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவர் பின்னால் ஓட்டமும் நடையுமாய்ப் போவது நான். அண்ணன் தம்பி எனக்கு இல்லை என்பதால் அந்த இடம் எனக்குப் போட்டியில்லாமல் கிடைத்தது.

நாங்கள் "ஜெட்டி" என்று சொன்னது ஒரு நீள மரப்பாலமும், அதன் முனையில் நீரோடு ஏறி இறங்கும் ஓர் இரும்புத் தெப்பமும்தான். அக்கரைக்குப் போகும் படகுகள் ஒரு பக்கம் வந்து ஒட்டும், மறுபக்கம் தூண்டில்காரர்களுக்கு. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, கிடைத்த இடத்தில் உட்காரலாம். கோல் வைத்து மீன் பிடிக்கிறவர்கள் அங்கே குறைவு. பால் டப்பாவில் நைலான் நரம்பைச் சுற்றி, முனையில் ஈயக்குண்டும் முள்ளும் கட்டி, சுழற்றி வீசிவிட்டு நரம்பை ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொள்வதுதான் முறை. "நோஸிபூ" என்று பர்மியர் சொல்லும் அந்தக் கெட்டிப்பால் டப்பாவில்தான் ஊரே அரிசியும் அளந்தது. அம்மா சமையலறையில் ஒன்று, அப்பா பையில் ஒன்று, அச்சடித்தாற்போல ஒரே மாதிரி இருக்கும். இது பின்னால் எனக்கு வினையாக வந்தது.

இரை தயாரிப்பது என் வேலை. பழைய ரொட்டியையும் மாவையும் பிசைந்து, வாடைக்காகக் கொஞ்சம் ஙாபி சேர்த்து, கோலிக்குண்டு அளவில் உருட்டி முள் மறையும்படி ஒட்டிக் கொடுப்பேன். இதற்கென்றே அம்மா ஒரு சின்ன டப்பாவில் ஙாபி தனியாக எடுத்து வைத்திருப்பாள். முள் கட்டுவதற்கு மட்டும் எனக்கு உத்தரவு கிடையாது. எப்போதாவது ஆசைப்பட்டுக் கட்டினால் அப்பா அதை விளக்கு வெளிச்சத்துக்குக் காட்டுவதுபோல உயர்த்திப் பார்த்து, "இது பாவாடை நாடாவுக்குப் போடுற முடிச்சு" என்று சொல்லிவிட்டு, அவிழ்த்து, தன் கையால் மறுபடி கட்டுவார். கோபமெல்லாம் இல்லை, ஆனால் ஒரு தடவைகூட விட்டுக் கொடுத்ததில்லை.

தெப்பத்தில் எங்களுக்குப் பக்கத்து இடம் ஊ ம்யாவுடையது. சைக்கா ஓட்டுகிறவர், அதாவது பக்கத்தில் ஆளை உட்கார வைத்து மிதிக்கிற சைக்கிள் வண்டி. ஞாயிறு காலையில் சவாரி கேட்டு யாராவது வந்தால், "வண்டிக்கு வயிற்றுவலி" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அப்பாவை அவர் "கோ வேலு" என்பார், கோ என்றால் அண்ணன். வெற்றிலை குதப்பிய வாயோடு அவர் சிரிக்கிற சிரிப்புக்கே பாதி மீன் ஓடிவிடும் என்பது அப்பாவின் நிரந்தரக் குற்றச்சாட்டு.

நான் சொல்ல வந்தது எல்லா ஞாயிறையும் பற்றியல்ல, மூன்று ஞாயிறுகளைப் பற்றி. அந்த வருஷம் மழைக்கால முடிவில் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகி, நகம் மஞ்சளாகி, வாய்க்கு எதுவும் பிடிக்காமல், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். அப்பா என்னிடம் எதையும் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்து நெற்றி நிறையத் திருநீறோடு வாசலில் நின்றபோது எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா எழுந்து நடந்தால் பங்குனியில் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தார். அம்மா எழுந்தாள். மெலிந்து, முந்தானை தோளில் நிற்காமல் நழுவ, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள் என்றாலும் நடந்தாள். பங்குனி வந்ததும் அப்பா கையில் மஞ்சள் காப்பு ஏறியது.

இருபத்தொரு நாள் விரதம். வேண்டுதல் அப்பாவுடையது, பத்தியம் வீடு முழுவதற்கும். மீன்சட்டி பக்கத்து வீட்டுக்குப் போனது, சமையலறை கழுவி விடப்பட்டது. உயிரைக் கொல்லக் கூடாது, கவிச்சியைத் தொடக் கூடாது. இதையெல்லாம் அப்பா ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார், முதல் ஞாயிறு வரும் வரையில். அன்று காலையில் அவர் வீட்டிலிருந்த நாலு நாற்காலிக்கும் ஆணி முடுக்கினார், ஐந்தாவது நாற்காலி இல்லையே என்பதுபோல் சுற்றிப் பார்த்தார், தண்ணீர்க் குடத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றினார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "போயி ஆத்தையாவது பாத்துட்டு வாங்க. வீடு தாங்காது" என்றாள்.

அப்பா யோசித்தார். பையை எடுத்தார். தூண்டில் முள்ளைக் கத்தரித்து எடுத்துப் புகையிலை டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்தினார். ஈயக்குண்டுக்குக் கீழே வெறும் நரம்பில் என்னை இரையை ஒட்டச் சொன்னார். ஙாபியைத் தொடலாமா என்று நான் இழுத்தபோது, "மீனுக்கு ஏது பத்தியம்" என்று அம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். டப்பா மட்டும் சமையலறையிலிருந்து பின்பக்கத்து ஜன்னல் திட்டுக்குக் குடிபெயர்ந்தது.

அப்படி முள்ளில்லாத தூண்டிலோடு என் அப்பா ஜெட்டியில் உட்கார்ந்ததைப் பார்த்து ஊ ம்யா சிரித்த சிரிப்பில் ஒரு படகுக்காரரே துடுப்பை நிறுத்தினார். மீன்கள் வந்தன, கொத்தின, இழுத்தன, தின்றுவிட்டுப் போயின. அப்பா புது இரை கேட்டுக் கையை நீட்டினார். "கோ வேலு, நாங்க சாமியாருங்களுக்கு ஸூன் குடுக்கிறோம், நீங்க கெளுத்திக்குக் குடுக்கிறீங்களா?" என்று பர்மிய மொழியில் கேட்டார் ஊ ம்யா. ஸூன் என்பது பிட்சுக்களுக்குப் படைக்கிற சோறு. அப்பா அசரவில்லை. விரலில் நரம்பு துடிக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, "இழுப்புத்தான் வேணும். மீனு யாருக்கு வேணும்" என்றார். அடுத்த ஞாயிறும் அப்படியே போனது. அந்த இரண்டு ஞாயிறுகளிலும் அவர் திரும்பி வரும்போது இருந்த முகம், கூடை நிறைய மீன் கொண்டுவந்த நாட்களில்கூட இருந்ததில்லை.

எனக்குத்தான் தாளவில்லை. பதினைந்து நாளாய்ப் பருப்பும் பூசணியும். சாயங்காலமானால் பக்கத்து வீட்டில் எங்கள் சட்டியிலேயே மீன் வதங்கும் வாசனை எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் எனக்குள் வழக்காடினேன். காப்பு அப்பா கையில்தானே இருக்கிறது, என் கையில் இல்லையே. நான் பிடித்து, ஊ ம்யாவிடம் கொடுத்து, அவர் மனைவி பொரித்து, அவர்கள் வீட்டில் வைத்துத் தின்றால் எங்கள் வீட்டுப் பத்தியத்துக்கு என்ன குறைந்துவிடும்? மூன்றாவது ஞாயிறுக்கு முந்தின நாள், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உபரியாய்க் கிடந்த டப்பாவில் மிச்ச நரம்பைச் சுற்றி, ஈயக்குண்டு கோத்து, புகையிலை டப்பாவிலிருந்து ஒரு முள்ளைத் திருடி, எனக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டுக் கட்டினேன். மறுநாள் காலை இரண்டு டப்பாவுக்கும் இரை ஒட்டி, இரண்டையும் பையில் துண்டுக்கடியில் வைத்தேன். தீ மிதிக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது.

தெப்பத்தில் போய் உட்கார்ந்த அப்பா, ஆற்றைப் பார்த்தபடியே வழக்கம்போலக் கையைப் பின்னால் நீட்டினார். நான் துண்டுக்கடியில் கைவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பிறகு மற்றதை எடுத்துப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு, தெப்பத்தின் அடுத்த முனையில், கயிறு கட்டும் இரும்புக் குற்றிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வீசினேன். கொத்தியது. சுண்டினேன், வரவில்லை. மறுபடி கொத்தியது, மறுபடி நழுவியது. மற்ற நாட்களில் அப்பாவிடம் மாட்டுகிற மீனெல்லாம் என்னை மட்டும் ஏமாற்றுகின்றனவே என்று என் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டிருந்தபோதுதான் பின்னால் கூச்சல் கேட்டது.

அப்பா எழுந்து நின்றிருந்தார். பத்துப் பதினைந்து வருஷப் பழக்கத்தில், நரம்பு இறுகியதும் கை தானாகவே சுண்டிவிட்டிருந்தது. சுண்டிய கை சும்மா இருக்குமா, இழுத்தது. நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓட, தெப்பத்திலிருந்தவர்கள் எல்லாம் சூழ்ந்துகொள்ள, முழங்கை நீளக் கெளுத்தி ஒன்று இரும்புத் தகட்டில் வந்து விழுந்து, மீசையை ஆட்டிக்கொண்டு, கெளுத்திக்கே உரிய கரகரத்த குரலில் கத்தியது. அவ்வளவு பெரிய மீனை அந்த வருஷம் அங்கே யாரும் பிடிக்கவில்லை. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அப்பா மட்டும் மீனின் வாயில் மின்னிய முள்ளையும் தன் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் காப்பையும் மாறி மாறிப் பார்த்தார். என் கையில் இருந்த டப்பா எது என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

ஊ ம்யா சிரிப்பை நிறுத்திவிட்டார். அப்பா குனிந்து, முள்ளைக் கழற்றி, அதை விரல்களுக்கிடையே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, யாரும் கேட்காமலே, "கைமறதியா நான்தான் கட்டிட்டேன்" என்றார்.

"உயிரோடதானே இருக்கு, விட்டுடுங்க" என்றார் ஊ ம்யா. "நாங்க புண்ணியத்துக்குச் சந்தையில மீனு வாங்கி வந்து ஆத்துல விடுறோம். உங்களுக்கு அதுவே வந்திருக்கு." அங்கேயே விட்டால் அடுத்த தூண்டில் பிடித்துவிடும் என்று, தெரிந்த படகுக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, வாளியில் தண்ணீரோடு மீனை வைத்து எங்களை நடு ஆற்றுக்கு அனுப்பினார். அப்பா வாளியைச் சாய்த்தார். கெளுத்தி ஒரு கணம் படகின் நிழலிலேயே நின்றது, பிறகு போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், "முள்ளோட வீசிட்டேன். காப்பைக் கழட்டிடறேன். இந்த வருஷம் நான் எறங்கக் கூடாது" என்றார்.

வேண்டுதல் கெட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அம்மாவின் கண் மறுபடி மஞ்சளாகும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஆசிரியை கரும்பலகையில் எழுதியது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. மதியம் மணியடித்ததும் வீட்டுக்கு ஓடினேன். அம்மாவின் கண்ணைப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அடித்தால் அடிக்கட்டும். பின்கதவு வழியாக உள்ளே நுழைந்தேன். ஜன்னல் திட்டுக்குக் கீழே அம்மா தட்டோடு உட்கார்ந்திருந்தாள். தட்டில் சோறு, நறுக்கிய பச்சை மாங்காய், அதன் பக்கத்தில் கட்டைவிரல் அளவு ஙாபி. தூண்டில் இரைக்கென்று வைத்த டப்பா அவள் மடியருகே திறந்து கிடந்தது. அது சீக்கிரமாய்த் தீர்ந்துகொண்டு வந்ததற்கு நான் பூனையைத் திட்டியிருந்தேன்.

இருவருமே மாட்டிக்கொண்ட முகத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா முதலில் சமாளித்தாள். "சோறு உள்ள எறங்க வேணாமா? வெறும் பருப்பைப் பாத்தாலே கொமட்டுது" என்றாள். நான் விடவில்லை, அது மீன்தானே என்றேன். "ஙாபி எப்படி மீனாவும்? ஙாபி ஙாபிதான்" என்றவள், தனக்கே அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, குரலைத் தாழ்த்தி, "ஆத்தா இந்த ஊருக்கு வந்து எத்தினி காலமாச்சு. அவளுக்குத் தெரியாதா ஙாபியப் பத்தி" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மடியில் விழுந்து முள், டப்பா, திருட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா கேட்டுக்கொண்டு, ஙாபி வாடை அடிக்கும் கையை என் தலையில் வைத்தாள். அந்தக் கண்ணில் மஞ்சள் இல்லை. இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டேன். "உன்னுதை நீ சொல்லு. என்னுதை நான் சொல்றேன்" என்றாள். "நீ சொல்ற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அன்று மாலை அம்மா தன்னுடையதைச் சொன்னாள். வேண்டுதலே யாருக்காகவோ அந்த ஆளே பதினைந்து நாளாய் ஙாபியில் மாங்காய் தொட்டுச் சாப்பிட்டு உடம்பு தேறிக்கொண்டிருந்தாள் என்று கேட்ட அப்பா, தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். தோள் குலுங்கியது, சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் இரண்டையும் சொல்லியிருக்கிறார். "மீனு செத்துச்சா?" என்று கேட்டாராம் பூசாரி. இல்லை என்றதும், "தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வா, வேற காப்புக் கட்டறேன்" என்றாராம். ஙாபியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் வீட்டுச் சமையலறையிலும் ஒரு டப்பா இருந்திருக்க வேண்டும்.

அப்பா தீ மிதித்தார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் பார்த்தேன். நாலே எட்டில் கடந்து பால்குழியில் இறங்கிவிட்டார். இடது உள்ளங்காலில் ஒரே ஒரு கொப்புளம். சுட்டுவிட்டதா என்று அம்மா பதறியபோது, "சுடலை. கெளுத்தி கடிச்சிருக்கு" என்றார்.

என்னுடையதை மட்டும் நான் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் நாற்பது வருஷம் ஓடிவிட்டது. அம்மா அதற்குப் பிறகு நல்லபடியாக முப்பது வருஷம் இருந்து, என் கல்யாணத்தையும் பேரனையும் பார்த்து, சொன்ன சொல் மாறாமல் வாயைத் திறக்காமலே போனாள். நான் இப்போது லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். ஆறு நாள் ஆலைப் பேருந்தில் போய் வருகிறேன், ஏழாவது நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அந்த மரப்பாலமும் இரும்புத் தெப்பமும் எப்போதோ போய்விட்டன. அந்த இடத்தில் சுற்றுச்சுவரும், பூட்டிய இரும்புக் கதவும். ஊ ம்யாவும் இல்லை, சைக்காக்களும் குறைந்துவிட்டன. கெட்டிப்பால் டப்பாவுக்குப் பதில் பிளாஸ்டிக் பாட்டிலில் நரம்பு சுற்றுகிறார்கள். என் மகனுக்குத் தமிழ் புரியும், பதில் பர்மிய மொழியில்தான் வரும். தாத்தாவைத் தூண்டிலோடு பார்த்தால் செல்போனில் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவான். ஆனால் சுவர் முடிகிற இடத்தில் கொஞ்சம் கற்கரை மிச்சமிருக்கிறது, உட்காருவதற்கு அது போதும். தண்ணீர் திரும்பும் நேரத்தில் அதே வாடை வரும்.

போன ஞாயிறு அப்பாவின் கை நடுங்கியது. முள்ளின் காதுக்குள் நரம்பு நுழையவே மாட்டேன் என்றது. மூன்று முறை பார்த்துவிட்டு, "நீயே கட்டு" என்று என்னிடம் நீட்டினார். என் வாழ்நாளில் அவர் என்னிடம் முள்ளைக் கொடுத்தது அதுவே முதல் தடவை. கட்டிக்கொண்டிருக்கும்போதே வாய் தானாகத் திறந்துகொண்டது. "அப்பா, அன்னிக்கு அந்த முள்ளு நான் கட்டுனது" என்றேன்.

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். "தெரியுமே" என்றார். "பாவாடை நாடா முடிச்சு. வேற யாரு போடுவா."

"தெரிஞ்சுமா நீங்க கட்டுனதா சொன்னீங்க?"

"சாமிகிட்ட போற தப்பு. புள்ள பேர்ல போவக் கூடாதுன்னு பாத்தேன்."

நாற்பது வருஷம் நான் சுமந்ததாக நினைத்ததை முதல் நிமிஷத்திலிருந்து அவர்தான் சுமந்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டி முடித்த முள்ளை அவர் கையில் கொடுத்தேன். வழக்கம்போல உயர்த்தி, வெளிச்சத்துக்குக் காட்டி, முடிச்சைப் பார்த்தார். அவிழ்த்துக் கட்டச் சொல்லுவார் என்று கையை நீட்டினேன். அவர் இரையைக் கேட்டு வாங்கி ஒட்டிக்கொண்டு, அப்படியே வீசினார்.